பேச்சை முதலில் விடு

மூன்றாவது தடவையும் திரை அதே வரியில் நின்றுவிட்டது. மயூரி மனதுக்குள் இருபது வரை எண்ணிப் பார்த்தாள். வெள்ளை எழுத்து நகரவில்லை. மேசையில் மூடியில்லாமல் கிடந்த சின்னக் கணினிப் பலகையின் பச்சை விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காதது போல எரிந்துகொண்டிருந்தது.

"பத்தரை ஆகுது நானா."

"ஆகட்டும். நாலு மணிக்கித்தானே தாத்தா பேசுவா," என்றார் மஹ்ரூப். மஹ்ரூப்பின் முஸ்லிம் வழக்கில் தாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். "அணைச்சிட்டுத் திரும்பப் போடுங்க."

அது தோட்டத்தின் பழைய பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன அறை. இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு தொண்டு நிறுவனம் கூரையில் டிஷ் ஒன்றைப் பொருத்தி, உள்ளே எட்டுக் கணினிகளை வைத்து, மயூரியைப் பொறுப்பாக்கியது. மடுல்சீமைக்கும் மேலே அந்த மலையில் இணையம் வந்து சேர்ந்த ஒரே இடம் என்பதால், தோட்ட ஆபிஸும் மருந்து கொடுக்கும் இடமும் அதே லைனில்தான் இருந்தன.

எழுபது மீற்றர் தள்ளி, தொழிலாளர் வீட்டு வரிசையான ஏழாம் நம்பர் லயத்தில் அவளுடைய அம்மா கருப்பம்மா படுத்திருந்தாள். வயிற்றில் கட்டி. பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்து, "வீட்டுக்குக் கூட்டிப் போங்க. கேக்கிறதக் குடுங்க" என்று டாக்டர் தணிந்த குரலில் சொல்லி அனுப்பி இன்றோடு பன்னிரண்டு நாள். கருப்பம்மா எதையும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான். இராசமணியோடு ஒரு தடவை பேச வேண்டும்.

மூத்தவள் இராசமணி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். மயூரியைப் பதுளையில் கம்பியூட்டர் படிக்க வைக்கவென்று போனவள். மூன்று வருடமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்காரர்கள் தொழுது, சாப்பிட்டு, கண்ணயரும் அரை மணி நேரம் சின்ன முதலாளியின் கணினியில் பேச அவளுக்கு அனுமதி இருந்தது. போன வெள்ளி கருப்பம்மாவைக் கதிரையோடு தூக்கி வந்து காதில் ஹெட்போனை மாட்டினார்கள். குரல் சல்லடையில் சலித்தது போல வந்தது. "அம்… சா… நல்…" அவ்வளவுதான். கருப்பம்மா ஹெட்போனைக் கழற்றி மயூரியிடம் கொடுத்தாள்.

"யாரோ பேசுறாங்க. எம் மக இல்ல."

அதற்குப் பிறகு அவளைத் தூக்க முடியாமல் போயிற்று. மொபைல் சிக்னலுக்கோ உச்சிக் கோயிலடி வரை ஏற வேண்டும்.

மயூரிக்குக் காரணம் தெரியும். டிஷ்ஷின் வழி ஒடுக்கமானது. ஆபிஸ் கணினி ஏதோ ஒன்றில் வைரஸ் புகுந்து, தானாகவே ஆயிரக்கணக்கில் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நெரிசலில் குரல் சிக்கிச் செத்தது. ஆபிஸ் கணினிகளை நிறுத்தச் சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை. வெள்ளி நாலு மணிக்குத்தான் கொழும்புக்குக் கணக்கு போக வேண்டும். பெரிய கிளாக்கர் சிதம்பரநாதன் அதில் ஒரு நிமிடம் தவற மாட்டார். அவள் கையில் இருந்தது ஒரே வழி: டிஷ்ஷுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு காவல்பெட்டியை வைப்பது. போவதையும் வருவதையும் பார்த்து, தடுப்பதைத் தடுத்து, முதலில் விடவேண்டியதை முதலில் விடும் ஃபயர்வோல் மென்பொருள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதை ஓட்ட ஒரு பழைய கணினியே போதும். ஆனால் மலையில் தினமும் பின்னேரம் கரண்ட் போகும். பழைய கணினி, அந்த நேரத்தில் டிஷ்ஷை ஓட்டும் லொறி பட்டரியை அரை மணியில் குடித்து முடித்துவிடும்.

அதனால்தான் பதுளைக் கடைத்தெருவில் கணினி திருத்தும் மஹ்ரூப், ஏதோ ஓர் அலுவலகத்தில் கழற்றிப் போட்ட இந்தச் சின்ன சர்வர் போட்டைத் தேடிப் பிடித்து, காலை முதல் பஸ்ஸில் பசறை வழியாக வந்திறங்கினார். கூடவே தன் லெப்டொப்பும், ஒரு சுருள் நெட்வேர்க் வயரும்.

"ஃபேன் இல்ல, சத்தமில்ல. சின்ன பல்பு ஒண்டு குடிக்கிற கரண்ட்தான் குடிக்கிம். ஆனா இந்த சொப்ட்வெயார் வேல எனக்குத் தெரியா. அத நீங்கதான் பாக்கணும்," என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு அன்னக்கிளி வாசலில் வந்து நின்றாள்.

"மயூரி, அம்மா கண்ணத் தொறந்து பாக்குறாங்க. நீ என்னமோ இந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க. இன்னைக்கு அவங்க பக்கத்துல இருக்க வேணாமா?"

மயூரி எழுந்து லயத்துக்கு ஓடினாள். கருப்பம்மாவின் முகம் சுருங்கி, கண்கள் மட்டும் பெரிதாகியிருந்தன. மயூரி ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தாள்.

"என்னா, சரி வந்திருச்சா?"

"இன்னும் இல்லம்மா. நான் இங்கயே இருக்கவா?"

"இங்க இருந்து என்னா செய்யப் போற? என்னையப் பாத்துக்கிட்டே இருந்தா எந்திரிச்சிருவனா?" கருப்பம்மா மூச்சு வாங்கினாள். "அந்தப் பொட்டி என்னதான் செய்யும்?"

மயூரி யோசித்தாள். "கொழுந்து நிறுக்கிற எடத்துல வரிசையில நிப்பீங்கல்ல. கைப்பிள்ளைக்காரிய மட்டும் முன்னால விடுவீங்க, பிள்ளைக்குப் பால் குடுக்கப் போகணும்னு. அந்த மாதிரி, பேச்ச மொதல்ல விடும். மத்ததெல்லாம் பின்னால நிக்கும்."

"அது நல்ல பொட்டிதான்," என்றாள் கருப்பம்மா. "போ. போயி பாரு."

திரும்பி வந்தபோது மஹ்ரூப் தரையில் காகிதங்களைப் பரப்பியிருந்தார். அந்தப் போட்டைப் பற்றி உலகத்தில் யார் யாரோ கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும். முதல் நாள் கடையில் பதினான்கு பக்கம் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் ஆங்கிலம். மயூரி முழங்காலில் இருந்து விரலை ஓட்டினாள். பதினோராம் பக்கத்தில் ஒருவர், இதே போட், இதே வரியில் நின்றுவிடுகிறது, மூன்று நாளாகப் போராடுகிறேன் என்று எழுதியிருந்தார். கீழே இன்னொருவரின் பதில் மூன்றே வரி: தொடங்கும்போது வரும் பட்டியலில் இரண்டாவதைத் தெரிவு செய். மின்சாரத்தை மேலாண்மை செய்யும் பகுதி இந்தப் போட்டில் ஒத்துவராது. நானும் இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன்.

அவள் பொத்தானை அழுத்தி, பட்டியலில் இரண்டைத் தட்டினாள். எழுத்துகள் இறங்கின. நின்ற வரிக்கு வந்தன. அதைத் தாண்டின. மளமளவென்று ஓடி, கடைசியில் எந்த வயர் எந்தப் பக்கம் என்று கேட்டு நின்றன.

"ஓடுது நானா!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மஹ்ரூப்.

பன்னிரண்டரைக்குள் விதிகளை எழுதி முடித்தாள். பேச்சு முதலில். கடிதம் அடுத்து. மற்றவை அதற்கும் பின்னால். ஆபிஸ் தன் கடிதத்தை அனுப்பும் சரியான வழியை மட்டும் திறந்துவிட்டு, வைரஸ் போகும் வழியை அடைத்தாள். அடுத்த நிமிடமே தடுக்கப்பட்டவற்றின் பட்டியல் திரையில் மழை போலக் கொட்டியது. மஹ்ரூப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

பிறகு வயர். அன்னக்கிளியும் மத்தியானக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த இரண்டு பெண்களும் பிடித்துக்கொடுக்க, தண்ணீர் வடியும் கானோரமாக, கொய்யா மரக்கிளை வழியாக, லயத்தின் ஜன்னலுக்குள் இழுத்தார்கள். எட்டு மீற்றர் மிஞ்சியது.

மூன்று மணிக்கு மயூரி பெட்டியைப் பட்டரிக்கு மாற்றினாள். திரையும் கீபோட்டும் வேறு கணினிக்கு உரியவை, கழற்றி எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. லெப்டொப்பில் ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். எல்லா வயரையும் பிடுங்கிக் குத்தினாள்.

"இப்பதானே ஓடுச்சு… இப்பதானே நானா…"

மஹ்ரூப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாடியைச் சொறிந்தார். "தங்கச்சி, கீபோட்டத் திரும்பக் குத்துங்க."

குத்தினாள். ஒரு சின்ன 'பீப்'. பெட்டி விழித்துக்கொண்டது.

"கீபோட் இல்லாட்டி ஏதோ பழுதெண்டு நெனச்சு நிண்டுக்கிது. பழைய மெஷின்ல எல்லாம் ஈக்கிது இந்தக் கொணம். உள்ளுக்கு செட்டிங் ஒண்டு ஈக்கும், எந்தப் பழுதுக்கும் நிக்காதே எண்டு."

அதைத் தேடி மாற்றியபோது மணி மூன்று நாற்பது. கீபோட்டைக் கழற்றி இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். எழும்பியது. மயூரி அங்கேயே குந்தி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். மஹ்ரூப் அவளைப் பார்க்காமல் வயர்த் துண்டுகளைப் பொறுக்கினார்.

நாலு மணி ஐந்துக்கு, லயத்தில் அம்மாவின் பக்கத்தில் வைத்திருந்த லெப்டொப் மணியடித்தது. மயூரி ஹெட்போனை அம்மாவின் காதில் வைத்து, ஒரு பக்கத்தில் தன் காதை ஒட்டினாள்.

"அம்மா?"

இராசமணியின் குரல். அவள் மூக்கடைப்பு, அவள் தயக்கம், எல்லாமே இருந்தன.

"ராசு," என்றாள் கருப்பம்மா. அங்கே போய்ச் சேர ஒரு மூச்சு நேரமாகும். அதற்குள், "கேக்குதா? ராசு?" என்றாள். அந்தப் பக்கத்துப் பேச்சும் இந்தப் பக்கத்துப் பேச்சும் மோதிக்கொண்டன.

"அம்மா, பேசிட்டு ஒரு மூச்சு விட்டுட்டு இருங்க. குரல் வானத்துக்குப் போயிட்டு வரணும்," என்றாள் மயூரி.

கருப்பம்மா தலையாட்டினாள். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும், "சொல்லிட்டேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியா? சொல்லிட்டேன்."

ஒரு மூச்சு. "சாப்பிட்டேன்மா. நீங்க?"

"கஞ்சி குடிச்சேன். ஒன்னோட செவப்புச் சேலைய இவ கட்டிக்கிறா, கோவிச்சுக்காத. சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

லயத்துப் பல்பு அணைந்தது. தினமும் போகிற கரண்ட்தான். அன்னக்கிளி 'ஐயோ' என்று வாயைப் பொத்தினாள். மயூரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குரல் அறுபடவில்லை. ஒரு எழுத்துக்கூட உடையவில்லை.

"ராசு, நீ ஓடி வராத," என்றாள் கருப்பம்மா. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "கொண்ட்ராக்ட்ட முடிச்சிட்டு வா. நீ போகலைன்னா இவ படிச்சிருக்க மாட்டா. இவ படிக்கலைன்னா இன்னைக்கு ஒங் கொரல நான் கேட்டிருக்க மாட்டேன். எனக்கு ஒண்ணும் கொறையில்ல. நீ நல்லா இருக்கணும். சொல்லிட்டேன்."

ஒரு மூச்சைவிட நேரம் போயிற்று. "சரிம்மா," என்றாள் இராசமணி.

இருபத்திரண்டு நிமிடம் பேசினார்கள். முடிந்த பிறகு கருப்பம்மா மஹ்ரூப்பைக் கூப்பிடச் சொன்னாள். அவர் நிலையடியில் தலைகுனிந்து நின்றார்.

"பொட்டி நீங்க செஞ்சதுங்களா?"

"நான் கொண்டுவந்ததுதான்மா. உள்ளுக்கு ஓடுறத எங்கயோ ஈக்கிற ஆக்கள் செஞ்சு சும்மா குடுத்தீக்கிறாங்க. யாரெண்டே தெரியா."

"யாரா இருந்தா என்னா," என்றாள் கருப்பம்மா. "அவங்க பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கட்டும். நீங்களும் நல்லா இருக்கணும்ங்க." இரண்டு கையையும் சேர்க்கப் பார்த்தாள். ஒன்றுதான் எழும்பியது.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கொம்பு ஊதி ஆட்கள் வேலைக்குப் பிரிந்துகொண்டிருந்த நேரத்தில், மயூரி கரண்டியால் ஊற்றிய தேத்தண்ணி கடைவாயால் வழிந்தது. அவள் அதைத் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தாள். அன்னக்கிளிதான் கையைப் பிடித்தாள்.

"போதும் பிள்ள."

அன்று மலையில் யாரும் கொழுந்தெடுக்கவில்லை. சாவுத் தப்பு முழங்கியது. பத்து மணிக்குச் சிதம்பரநாதன் வந்தார். கம்பளி மேலங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டு மயூரியின் முன்னால் நின்றார்.

"பிள்ளை, கொக்கா இராசமணிக்கு அறிவிச்சிட்டியளோ?"

"இல்லங்க ஐயா. சின்ன முதலாளிக்கு மெயில்தான் போடணும். இங்கிலீசுல என்னான்னு எழுதுறதுன்னு தெரியல. கை வர மாட்டேங்குது."

"வாங்கோ. நான் எழுதுறன்."

பிள்ளைக்காம்பராவில் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நாலு வரி எழுதினார். அனுப்பிய பிறகு, "நேற்றைக்கு என்ர கணக்கும் நாலு மணிக்கே போயிட்டுது. ரெண்டு மாசமா இல்லாத அதிசயம். நீர்தான் ஏதோ செய்தனீர் எண்டு விளங்கிச்சுது," என்றார். அவள் தோளில் ஒரு தடவை தட்டிவிட்டு வெளியே போனார்.

பின்னேரம், அம்மாவைத் தேயிலைக்கு நடுவே இருந்த மயானத்தில் அடக்கிவிட்டு வந்தபோது சின்ன முதலாளியின் பதில் வந்திருந்தது. சொல்லிவிட்டேன். அழுகிறாள். இன்று வேலை செய்ய வேண்டாம் என்று என் தாயார் சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளி அவள் எவ்வளவு நேரமும் பேசலாம்.

அடுத்த வெள்ளி மயூரி பிள்ளைக்காம்பராவில் தனியே உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு மணியடித்தது.

"சாப்பிட்டியாடி?" என்றாள் இராசமணி.

"சாப்பிட்டேன்க்கா."

ஒரு மூச்சு.

"அம்மா பேசுனது முழுக்க எனக்குக் கேட்டுச்சுடி. ஒரு சொல்லுகூட விடல. தெனமும் அதையே சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கேன்."

மயூரி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அங்க என்னாடி சத்தம்?"

"மழைக்கா. தூறல்தான். பெருசா பேஞ்சா லைன் நின்னுரும்."

"இங்க மழையே இல்ல," என்றாள் இராசமணி. "மயூரி… கொஞ்ச நேரம் மைக்க வெளிய வையேன்."

மயூரி ஜன்னலைத் திறந்து, மைக்கை விளிம்பில் வைத்தாள். தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கீழே கானில் தண்ணீர் ஓடியது. லயத்துப் பக்கம் யாரோ கோழியைக் கூட்டுக்குள் விரட்டினார்கள். அவள் கதிரையில் சாய்ந்து திரையைப் பார்த்தாள். பேச்சுக்கென்று அவள் ஒதுக்கிய வழியில் போவதைக் காட்டும் கோடு, யாரும் பேசாமலேயே, ஏறியும் இறங்கியும் போய்க்கொண்டிருந்தது.