ஜிம்மியின் தவக்காலம்

கற்பிட்டிக் கரையில் மீன் ஒத்துக்கொள்ளாத நாய் என்றால் யார் நம்புவார்கள்? அல்பொன்சாவும் நம்பவில்லை. ஜிம்மி சொறிந்து சொறிந்து காதடியில் மயிர் உதிர்ந்து, பாதங்களை நக்கி நக்கிப் புண்ணாக்கிய பிறகுதான் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள். தெள்ளும் இல்லை, படையும் இல்லை, குட்டியிலிருந்து தின்கிற மீன்தான் ஒவ்வாமை போலிருக்கிறது என்றார் அவர். ஆறேழு கிழமைக்கு அவித்த கோழியும் சோறும் மட்டும். உப்பு, மிளகாய்த் தூள் கூடாது. ஒரு துண்டுக் கருவாடு வாயில் பட்டாலும் பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மறுநாள் விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். தவக்காலம் முழுக்க அந்த வீட்டுச் சட்டியில் இறைச்சி ஏறாது. அதில் அவள் புருஷன் பீற்றர் சுவாமியாரையே மிஞ்சியவர். பக்கத்து வீட்டில் முட்டை பொரித்தாலும் சிலுவை போட்டுக்கொள்வார். அவள் அழுது கெஞ்சியபின், நாய்க்கு மட்டும் என்று இறங்கி வந்தார். அதற்கும் தவக்காலம் முடியும் நாளைத் தவணையாக வைத்தார்.

"உயிர்த்த ஞாயிறுக்குள்ள சொறியிறது நிக்காட்டி, இத தூரத்து மீன்வாடியில கொண்டுபோய் விட்டுருவன்."

அவர் கடலுக்குப் போன இரவுகளில் அவளுக்குத் துணை அந்த நாய்தான். அதை இழக்க அவளால் முடியாது.

தனிச் சட்டி வைத்தாள். ஜிம்மியைக் கருவாடு காயும் பக்கமே விடாமல் சமைக்கிற குசினி வாசலில் கட்டிப்போட்டாள். ஊர் சும்மா இருக்குமா? சிலுவைப்பாதை வெள்ளியிலும் அல்பொன்சா வீட்டில் கோழி வேகிறது என்று கதை பரவியது. நாய்க்கு என்றாள், சிரித்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய குருத்தோலை ஞாயிறு நெருங்கியும் ஜிம்மி சொறிந்துகொண்டேதான் இருந்தது. கட்டிப்போட்ட நாய்க்கு மீன் எங்கிருந்து வரும்? வைத்தியரின் படிப்பிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு மத்தியானம் கருவாடு திருப்பப் போனவள், சாக்கு எடுக்கத் திரும்பி வந்தாள். குசினியில் பீற்றர் குந்தியிருந்தார். உப்புக் கொஞ்சம் குறைந்தாலே தட்டைத் தள்ளிவிடும் மனிதர், நாயின் தட்டிலிருந்த உப்பில்லாத கோழியை விரல் சூப்பித் தின்றுகொண்டிருந்தார். அவருடைய மீன் குழம்பு ஜிம்மிக்கு முன்னால் இருந்தது.

நாய் மீனுக்கு ஏங்குவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்றார் பீற்றர்.

 அவள் கத்தவில்லை. மீன் தட்டை எடுத்து எட்ட வைத்துவிட்டு, ஜிம்மியின் தலையைத் தடவியபடி கேட்டாள்.

"அப்ப உயிர்த்த ஞாயிறுக்கு வாடியில ஆரக் கொண்டுபோய் விடுறது?"