மீதிப் பத்து மாதம்

"என்னடா சொன்னே அவர்கிட்ட? வாயத் திறந்து சொல்லு."

"ஒண்ணுமே சொல்லலக்கா. புள்ளிய எதுல போடலாம்னு கேட்டாரு. எனக்குத் தோணினதச் சொன்னேன்."

"என்ன புள்ளி? ஆஸ்பத்திரி வண்டி வந்து கீழ நிக்குது, மனுஷன் எழுந்திருக்க மாட்டேங்கறாரு. நீ புள்ளி புள்ளிங்கறே."

நான்காம் மாடியில் இந்தச் சத்தம் எழுந்தபோது நான் மூன்றாம் மாடி வாசலில் குப்பைக் கூடையோடு நின்றிருந்தேன். கூடை காலிதான். வெறுங்கையோடு நின்று கேட்டால் ஒட்டுக்கேட்பது, கையில் ஏதாவது இருந்தால் வேலையாக வந்தது. இரண்டாம் மாடி வாத்தியார் செய்தித்தாளோடு வந்து நின்றார். அது முந்தின நாளையது.

மேலே கத்துவது யார் என்று பிடிபடவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிறவள் அவள். வலியோடு வருகிறவர்களை நாள் முழுக்க அமைதிப்படுத்தி அமைதிப்படுத்தி, வீட்டிலும் அதே குரல் ஒட்டிக்கொண்டுவிட்டது. கணவனைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் அடுத்த நோயாளியைக் கூப்பிடுவது போலவே இருக்கும் என்று நாங்கள் சிரித்ததுண்டு. அவர் நிஜமாகவே நோயாளியான பிறகு அந்தச் சிரிப்பை நிறுத்திக்கொண்டோம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் அவர் கைபடாத லிஃப்ட் கிடையாது. எங்கள் கட்டடத்து லிஃப்டும் அவர் அதட்டலுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் படுத்ததும் அதுவும் படுத்துவிட்டது. வயிற்றுக்குள் ஏதோ வளர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் இரண்டு ஆட்கள் அவரை நாற்காலியில் வைத்து நான்கு மாடி இறக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் இருப்பது கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது.

அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவன் அவளுடைய தம்பி. ஒரு கூரியர் கம்பெனியின் கிடங்கில், எந்தப் பெட்டி எந்த வண்டியில், எந்தத் தெரு முதலில் என்று திட்டம் போடுகிற வேலை. வண்டியில் ஒரு முழம் காலி இடம் இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. பெண் பார்க்கப் போன வீட்டில், சோபாவைத் திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம் என்று சொல்லிவிட்டு வந்தவன். கல்யாணம் ஏன் தள்ளிக்கொண்டே போகிறது என்று அவன் அக்கா கேட்பாள். எங்களுக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரி நடையில் வைத்து டாக்டர் அக்காவிடமும் தம்பியிடமும் மட்டும் ஒன்றைச் சொல்லியிருந்தார். அது அவருக்குத் தெரியக்கூடாது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அவருடைய அப்பாவுக்கு இதே மாதிரி வந்து, யாரோ நல்லெண்ணத்தில் உண்மையைச் சொல்ல, மனிதர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர் அப்புறம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். இவரும் அதே அச்சு, தெரிந்தால் படுத்துவிடுவார் என்று பயந்தாள். அதனால் வீடு வீடாக ஏறி இறங்கி, எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லி, வெளியே விடமாட்டோம் என்று வாக்கு வாங்கினாள். ரகசியத்தை இப்படி ஊருக்கே பங்கு வைத்துக் காப்பாற்றியவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் காப்பாற்றினோம். வாத்தியார் போய், முகத்தில் களை வந்துவிட்டது என்றார். ஊசி போட வருகிற நர்ஸ், இதைவிட மோசமாக இருந்தவர்கள் எல்லாம் இப்போது ஓடுகிறார்கள் என்றாள். எங்கள் வாஷிங் மெஷின் கடகடவென்கிறது, நீங்கள் எழுந்து வந்துதான் பார்க்கவேண்டும் என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். அவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

புள்ளி விவகாரம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. விளக்கியவன் தம்பிதான். அக்கா கதவைத் திறக்காத ஒரு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து, நான் கேட்டதைவிட அதிகமாகவே சொன்னான்.

அத்தானும் மச்சானும் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். விண்வெளியில் கப்பல் ஓட்டுவது. உலகம் முழுக்க ஆட்கள் ஆடுகிறார்களாம், எல்லோரும் பிள்ளை குட்டிக்காரர்கள்தானாம். அதில் ஒவ்வொரு கப்பல்காரனுக்கும் ஐந்து குணம்: புத்தி, நினைவு, பார்வை, மனஉறுதி, வசீகரம். கையில் கொஞ்சம் புள்ளி கொடுப்பார்கள். அதை இந்த ஐந்தில் எதில் போடுகிறோமோ அது வளரும். கப்பல் ஓட்டக் கற்கிற ஒவ்வொரு வித்தையும் இவற்றில் இரண்டை நம்பி இருக்கிறது. அந்த இரண்டில் புள்ளி நிறைய இருந்தால் வித்தை சீக்கிரம் வரும், இல்லையென்றால் ஆமை வேகம். ஆடாமல் அணைத்துவிட்டுப் போனாலும் வித்தை தானாகக் கற்றுக்கொண்டே இருக்கும். நம் வீட்டுக் கடிகாரம்தான் அதற்கும் கடிகாரம். ஒரு தடவை புள்ளியைப் போட்டுவிட்டால் ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது.

போன வருஷம் லிஃப்ட்காரர் ஐந்து குணத்துக்கும் சமமாகப் போட்டுவிட்டார். எதையும் குறை வைக்க மனசு வரவில்லையாம். இப்படிப் போட்டால் எந்த வித்தையும் உருப்படியாக வராது என்று மச்சான் வருஷம் முழுக்க அவரைப் பிடுங்கி எடுத்தான். வசீகரத்தில் கிடந்த புள்ளிகளை நினைத்து அவன் நிஜமாகவே வருத்தப்பட்டிருக்கிறான். அந்த விளையாட்டில் வசீகரத்தால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லையாம். அடுத்த தடவை எல்லாவற்றையும் பார்வையிலும் மனஉறுதியிலும் கொட்டுவது, ராட்சதக் கப்பல் ஓட்டுகிற வித்தையை ஆரம்பிப்பது, அது முடிய வருஷம் பூராவும் ஆகும், ஆனால் முடிந்துவிட்டால் அப்புறம் அவர்தான் ராஜா என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

வருஷம் திரும்பிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்துகொண்டு, அவர் மச்சானைக் கூப்பிட்டுப் புள்ளியை மாற்றலாம் என்றார்.

இங்கேதான் இந்தப் பிள்ளை கோட்டை விட்டான். வேறு யாராக இருந்தாலும் பேசி வைத்தபடி பெரிய கப்பலுக்கே போட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள். இவனால் முடியவில்லை. பாதி வழிகூடப் போக முடியாத வண்டியில் சரக்கு ஏற்றுகிற மாதிரி இருந்தது என்றான் என்னிடம். புத்தியிலும் நினைவிலும் போட்டுவிடலாம் அத்தான், பழுது பார்க்கிற கப்பல் ஒன்று இருக்கிறது, அந்த வித்தை இரண்டு மாதத்தில் வந்துவிடும், உடனே ஓட்டலாம் என்று சொல்லியிருக்கிறான்.

"மீதிப் பத்து மாசம்?" என்று கேட்டாராம் அவர். "அதுக்கப்புறம் பெரிய கப்பலுக்கு இந்தப் புள்ளி ஆகாதே. வீணால்ல கிடக்கும்?"

ஒரு புள்ளி வீணானதற்கு ஒரு வருஷம் சண்டை போட்டவன், பத்து மாதத்துப் புள்ளிகளும் வீணாகும் என்று அவர் சொன்னபோது திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் அவன் முகத்தைப் பார்த்தார். களைப்பாக இருக்கிறது, பிறகு போடலாம் என்று படுத்துக்கொண்டுவிட்டார்.

இதெல்லாம் தெரியாத அக்கா, அடுத்த ஆஸ்பத்திரி நாளன்று அவரைக் கிளப்பப் போனாள். எழுந்திருக்கவில்லை. மச்சான் பேச்சைப் பார்த்தால் இதெல்லாம் வீண் அலைச்சலாகத் தெரிகிறது என்று மட்டும் சொன்னார். அவள் தம்பியை வேலையிலிருந்து வரவழைத்து, கதவைச் சாத்திவிட்டு, படிக்கட்டு மேல்படியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் கூடையும் செய்தித்தாளுமாக நின்ற இடம் இதுதான்.

அவன் திரும்பத் திரும்ப ஒன்றும் சொல்லவில்லை என்றான். உண்மைதான், அவன் சொல்லவில்லை. அவளோ எங்களை எல்லாம் மறந்துவிட்டாள், கதவு வெறும் பலகை என்பதையும் மறந்துவிட்டாள்.

"நீ சொல்லாம மூணு மாசம்னு அவருக்கு எப்படிடா தெரியும்? டாக்டர் நம்ம ரெண்டு பேர்கிட்டதானே சொன்னாரு?"

வாத்தியார் செய்தித்தாளை மடித்தார். கதவு திறந்தது. வாரக்கணக்கில் தானாக எழுந்து நிற்காத மனிதர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை தோளில் தொங்கியது. கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் ஒரு கை நுழையும்.

"மூணா?" என்றார். "நான் ரெண்டுதான்னு நினைச்சேன்."

அவர் படிக்கட்டின் வளைவில் எட்டிப் பார்த்து, "உள்ள வாங்க ரெண்டு பேரும். கீழ்வீட்டம்மா எவ்வளவு நேரம் அந்தக் கூடையத் தூக்கிட்டு நிப்பாங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வண்டி காலியாகத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அது வரவேயில்லை.

அன்று சாயங்காலம் உள்ளே நடந்ததை நர்ஸ் சொன்னாள். சமையலறையில் அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, சொன்னதை மாற்றிச் சொல்லு, உன் பேச்சைத்தான் அவர் நம்புவார் என்று அழுதிருக்கிறாள். அவனும் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கு தப்பாகப் போட்டுவிட்டேன் அத்தான், பெரிய கப்பலுக்கே போடலாம், அடுத்த வருஷம் சேர்ந்து ஓட்டலாம் என்றானாம். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டதாம்.

"இந்தக் கட்டடத்துல எங்கிட்ட பொய் சொல்லாத ஆளு நீ ஒருத்தன்தான் மச்சான்," என்றார் அவர். "நீயும் ஆரம்பிச்சிடாதே. புத்தியிலயும் நினைவுலயும் போடு."

அவன் போட்டான். வாசற்படியில் நின்று அவன் விரல் அந்தப் பொத்தானை அழுத்துவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதைக்கூட மன்னித்திருப்பாளோ என்னவோ, அந்த ஒரு அழுத்தலை அவள் மன்னிக்கவேயில்லை. தன் கூடப் பிறந்தவன், தன் கண் முன்னாலேயே, தன் புருஷனுக்கு அடுத்த வருஷம் கிடையாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி அவளுக்கு இருந்தது.

அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. ஆனால் வலிக்குப் போடுகிற ஊசியைத் தவிர எல்லா மருந்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். சிகிச்சை தொடர்ந்திருந்தாலும் சில வாரம்தான் கூடியிருக்கும் என்று நர்ஸ் என்னிடம் சொன்னாள். அந்தச் சில வாரம் அக்காவுக்கு எவ்வளவு என்று நர்ஸுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தம்பி வேலை முடிந்து தினமும் வந்தான். அக்கா கிளினிக்கிலிருந்து திரும்பியதும் எழுந்து போய்விடுவான். சில நாள் அவள் முன்னதாகவே வந்து தாழ் போட்டுவிடுவாள். அவன் என் வீட்டுப் படியில் உட்கார்ந்திருப்பான். பழுது பார்க்கிற வித்தை சொன்னபடி வந்து சேர்ந்தது. அவர் சில மத்தியானங்கள் அதை ஓட்டினார். யார் யாரோ சண்டை போட்டு ஓட்டையாக்கிக்கொண்டு வரும் கப்பல்களை, முகம் தெரியாதவர்களுடையதை, சரி செய்து அனுப்புவது. விரல் நடுங்க ஆரம்பித்ததும் அவர் சொல்லச் சொல்ல மச்சான் அழுத்தினான். கடைசியில் சொல்லவும் முடியவில்லை, மச்சானாகவே பார்த்து அழுத்தினான்.

அவள் விடவில்லை. அடுத்த மாதம் பசி எடுக்கும், அடுத்த மாதம் வராண்டாவரை நடக்கலாம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அவரும் ஆமாம் ஆமாம் என்றார். அவர் யாரிடமாவது பொய் சொன்னார் என்றால் அது அவளிடம்தான்.

டாக்டர் சொன்ன மூன்று மாதம் முழுசாக ஆகவில்லை. ஒரு விடியற்காலையில் போய்விட்டார். லிஃப்ட் வேலை செய்யாததால் தம்பியும் மூன்று பேரும் தோளில் வைத்து இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் எந்தப் பக்கம் சாய்க்கவேண்டும் என்று தம்பிதான் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் சொன்னபடியே செய்தார்கள், எங்கும் இடிக்கவில்லை. அக்கா அதைக் கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள்.

நான் சும்மா இருப்பேனா. சில வாரம் கழித்து மேலே போய், அவனுக்குப் பொய் சொல்ல வராதும்மா, பாவம், பிறவிக் குணம் என்று ஆரம்பித்தேன்.

"கத்துக்கிட்டிருக்கலாம்ல," என்றாள், அந்தப் பழைய கிளினிக் குரலில். "எவ்வளவோ கத்துக்கிட்டான்."

அதற்கு மேல் என்னிடமும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

வருஷம் திரும்புவதற்குள் அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு, பல் டாக்டர் ஊரின் மறுகோடியில் திறந்த இன்னொரு கிளினிக்குக்கு மாற்றிக்கொண்டு போனாள். தம்பிக்கும் நர்ஸுக்கும் கல்யாணம் நடந்தது. அந்தக் கட்டில் பக்கத்தில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு வேறெங்கே நடக்கும். அக்காவுக்குப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தான், வாங்கி வைத்துக்கொண்டாள், வரவில்லை. நர்ஸுக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து இருவரும் போய்விட்டார்கள். பிறகு அக்காவும், கிளினிக்குக்குப் பல்செட் செய்து கொடுக்கிற, மனைவியை இழந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு வீடு மாறினாள். கலகலப்பான மனிதர், எதற்கும் எல்லாம் சரியாகிவிடும் என்பார். ஒரு நாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டபோது தெருப் பெயரோடு எல்லாவற்றையும் சொல்லி, தம்பியிடம் சொல்லாதீங்க என்று அவள் என்னிடம் கேட்டுக்கொண்டாள். கல்யாணத்தைப் போனில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவன், அக்கா இப்போது எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று கேட்டான். தெரியாதுப்பா என்றேன். நம்பிவிட்டான்.