வா என்றால் வாஹ்

என் மகன் முதன்முதலாகச் செய்கிற எதையும் இரண்டாவது தடவையாகத்தான் செய்ய வேண்டியிருக்கும். உண்மையான முதல் தடவை நடக்கும்போது நான் மட்டும் பக்கத்தில் இருப்பேன், கையில் கரண்டியோ ஈரத்துணியோ இருக்கும். என் சத்தம் கேட்டு என் கணவர் பிரதீப் உள்ளறையிலிருந்து ஓடி வருவார். வந்தவர் குழந்தையைப் பார்க்க மாட்டார், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்ப்பார். அப்புறம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை செய்யச் சொல் என்பார்.

பிள்ளை குப்புற விழுந்தது அப்படித்தான். சிலிண்டர் கொண்டுவந்த ஆள் வாசலில் நின்ற நேரத்தில், முக்கி முனகி, தானாகவே கவிழ்ந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். சிலிண்டரை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு நான் திரும்புவதற்குள் பிரதீப் அவனைப் பிடித்து மல்லாத்திப் போட்டுவிட்டார், படத்துக்காக. அத்தனை பாடுபட்டுக் கவிழ்ந்த பிள்ளை என்ன செய்வான், வீறிட்டு அழுதான். முதல் பல் முளைத்ததை என் மார்புதான் கண்டுபிடித்தது. நான் வலி தாங்காமல் உட்கார்ந்திருக்க, இவர் போன் டார்ச்சை அவன் வாய்க்குள் அடித்து, கொஞ்சம் சிரிக்க வை, மது என்றார். யாரை என்று நான் கேட்கவில்லை.

குழந்தைக்குக் கௌதமன் என்று பெயர் வைத்தோம். தில்லியில் கடைசி எழுத்து நிற்காது, அதனால் கௌதம் ஆகிவிட்டான். அவன் பெயரில் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் உண்டு, 'கௌதம் அவுர் பாப்பா' என்று, அதாவது கௌதமும் பாப்பாவும். இந்தப் பாப்பா நம் ஊர்ப் பாப்பா இல்லை, அப்பா. பிரதீப் இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவர். தமிழ் பேசுவார், ஆனால் ஓர் எழுத்து படிக்க வராது. அதில் அவருக்கு வெட்கமும் கிடையாது. அந்தப் பக்கம் முழுக்க அவரும் பிள்ளையும் சிரிக்கிறார்கள். இரண்டு படங்களில் ஓரமாக என் முழங்கை தெரிகிறது. பத்து மாதம் சுமந்தவளுக்கு அதுவே அதிகம் என்று விட்டிருப்பார்.

இந்த லட்சணத்தில்தான் பிள்ளைக்குப் பேச்சு வந்தது.

தவழ ஆரம்பித்த நாளிலிருந்து நான் கூடத்தின் இந்தப் பக்கம் உட்கார்ந்து கையை நீட்டி, வா, கண்ணு வா என்று கூப்பிடுவேன். அவன் வருவான். ஒரு நாள் நான் குளிக்கப் போகத் திரும்பியபோது அவனே கையை நீட்டினான். விரல்களை மடக்கி மடக்கி, தெளிவாக "வா" என்றான். சோப்பு டப்பாவைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அள்ளிக்கொண்டேன். இவன் முதல் வார்த்தையே என்னைக் கூப்பிடுகிற வார்த்தை என்று நினைத்து அழக்கூடச் செய்தேன்.

மறுநாள் பிரதீப் தன் உக்குலேலேயை எடுத்துக்கொண்டு பிள்ளை முன்னால் உட்கார்ந்தார். குழந்தை பிறந்த பிறகு வாங்கியது, குட்டி கிட்டார் மாதிரி, நாலு கம்பி, அதில் இவருக்கு மூன்று கம்பி தெரியும். பாட்டு பாதியில் இருக்கும்போது குழந்தை "வா" என்றான். விரலை மடக்கி மடக்கி நீட்டினான்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாத்தியத்தை அப்படியே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மது, ஜல்தி வா. 'வாஹ்'ங்கறான். பாரு, கைகூடத் தட்டப் பாக்கறான்."

நான் துண்டோடு வந்து, அது இந்தியில் பாராட்டுகிற வாஹ் இல்லை, வா, என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று சொன்னேன். சிரித்தார். நான் எல்லாவற்றையும் தமிழாக்கிவிடுகிறேனாம். தான் வாசிக்கும்போதுதானே சொல்கிறான், அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

சொல்வதற்கு இருந்தது. இவர் உக்குலேலேயோடு உட்காரும் நேரம்தான் எனக்குக் குளிக்கக் கிடைக்கிற நேரம். கம்பியில் கை பட்டதும் நான் எழுந்து போய்விடுவேன், எழுந்து போகிறவளைப் பிள்ளை கூப்பிடுவான். ஒரு நாள் வேண்டுமென்றே நகராமல் உட்கார்ந்தேன். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, மூன்றாவதும் முடிந்தது. குழந்தை என் மடியைப் பிடித்துக்கொண்டு கட்டை விரலைச் சூப்பினானே தவிர வாயைத் திறக்கவில்லை. இப்போது புரிகிறதா என்று கேட்டேன். இன்றைக்கு அவனுக்கு மூட் இல்லை என்றார். சினிமாவுக்குக் கூட்டம் வராவிட்டால் மழையைக் குற்றம் சொல்வார்களே, அந்த ரகம்.

இது வெறும் வார்த்தைச் சண்டை என்றால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பிள்ளைக்காக நான் எடுத்த விடுப்பு முடிந்துகொண்டிருந்தது. அமைச்சகத்தில் நான் உதவியாளர். மோதி பாக்கில் நாங்கள் இருக்கிற குவார்ட்டர்ஸ் என் பெயரில் கொடுத்தது. ஆபீஸ் கட்டடத்திலேயே க்ரெச், குழந்தைக் காப்பகம், இருக்கிறது, அங்கே விடலாம், நடுவில் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னேன். பிரதீப்புக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் கம்பெனி குருகிராமில் இருந்தாலும் வேலை வீட்டிலிருந்துதான். பாப்பா வீட்டில் இருக்கும்போது பிள்ளை எதற்கு க்ரெச்சுக்குப் போக வேண்டும் என்றார். துவாரகாவில் இருக்கும் அவர் அக்கா ஜ்யோத்ஸ்னாவும் போனில் அதையே சொன்னாள். இப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமாம்.

எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளைக்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. பசித்தாலும் அதுதான், விழுந்தாலும் அதுதான், தூக்கம் வந்தாலும் அதுதான். அந்த ஒரு வார்த்தை புரியாத மனிதரிடம் அவனை எப்படி விட்டுப் போவது?

முதல் பிறந்தநாளுக்கு வீடு நிறைய ஆட்கள். நான் சமையலறையில் பூரி பொரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் உக்குலேலே. கூட்டத்தைப் பார்த்து மிரண்ட பிள்ளை, சமையலறைப் பக்கம் கையை நீட்டி வா, வா என்று கத்துவது எனக்குக் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் அத்தனை பேரும் வாஹ் வாஹ் என்று கை தட்டினார்கள். ஜ்யோத்ஸ்னா அவனைத் தூக்கிக்கொண்டு, பார், அப்பனுக்கு முதல் ரசிகன் என்றாள். அவன் அழுததை, கேக் வேண்டும் என்று அழுகிறான் என்று முடிவு செய்து வாயில் க்ரீமைத் தடவினார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்த எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி என்ன செய்திருப்பேனோ, சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் பிள்ளையை அவரிடமே விட்டுவிட்டுத் திங்கட்கிழமை ஆபீஸ் போனேன். ஐ.என்.ஏ. மெட்ரோ ஸ்டேஷனில் வண்டி மாறக் காத்திருந்தபோது போனில் மணி அடித்தது. புது வீடியோ. பிரதீப் வாசிக்கிறார், தலையை ஆட்டி ஆட்டி. அவருக்குப் பின்னால் சாத்திய வாசல் கதவு. குழந்தை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் கதவைப் பார்த்து, விரலை மடக்கி மடக்கி, வா, வா என்கிறான். கீழே ஜ்யோத்ஸ்னாவிலிருந்து ஊர் பேர் தெரியாதவர்கள் வரை வாஹ் வாஹ் என்று எழுதியிருந்தார்கள். ரசிகன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அத்தனை பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

போன் செய்தேன், எடுக்கவில்லை. அந்த வீடியோவுக்குக் கீழேயே தமிழில் எழுதினேன்: 'மகானுபாவரே, அவன் உங்களைப் புகழவில்லை. கதவைப் பார்த்து என்னைக் கூப்பிடுகிறான். அதைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.'

உடனே பதில் வந்தது. என் வரிக்குக் கீழே ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தார். மொழிபெயர்க்க அங்கேயே ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்த ஒரு விரல் போதும். பாராட்டைத் தவிர வேறு எதையும் எழுதியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. தினமும் வீடியோ, தினமும் கைதட்டல். இருவரும் சந்தோஷமாக இருக்கிறோம் என்று தினமும் சொன்னார். புதன், வியாழன் வந்த வீடியோக்களில் குழந்தை கதவைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். பழகிவிட்டான் போலிருக்கிறது என்று கொஞ்சம் நிம்மதிகூடப் பட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்ததும் பையைப் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். குழந்தை கூடத்தின் அந்தப் பக்கம் இருந்தான். கையை நீட்டி, "வா, கண்ணு வா" என்றேன்.

என்னைப் பார்த்தான். சிரித்தான். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினான்.

மறுபடி வா என்றேன். மறுபடி தட்டினான். இத்தனை நாளும் அவன் எத்தனை தடவை கூப்பிட்டும் யாரும் வரவில்லை, ஒவ்வொரு தடவையும் கைதான் தட்டினார்கள். அவனும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டான். நான் இல்லாத ஐந்து பகலில் என் பிள்ளை என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

பின்னால் பிரதீப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல், வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார்.

நான் எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். "திங்கக்கிழமையிலருந்து இவன் எங்கூட வர்றான், க்ரெச்சுக்கு," என்றேன்.

"அரே, க்யோன்? என்ன ஆச்சு?" என்றார்.

அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு எந்த மொழியும் தெரியவில்லை. வா என்றால் என்ன என்று மறுபடி முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும், இந்த வீட்டில் இரண்டு பேருக்கு. சின்னவன் சீக்கிரம் கற்றுக்கொள்வான்.