கிளெமென்ட் ஏற்பாடு செய்த அமைதி

பெங்களூரில் மற்ற தரகர்கள் சதுர அடியை விற்பார்கள். காக்ஸ் டவுன் கிளெமென்ட் அமைதியை விற்றார். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ‘கிராமத்து வீடுகள், அமைதிக்கு கேரண்டி’ என்று பச்சை எழுத்தில் இருக்கும். மூலையில் ஒரு தென்னை மரம். அதை அச்சகத்துக்காரர் சும்மா போட்டுக் கொடுத்தார். அமைதிதான் சும்மா கிடைக்கவில்லை. அதைத் தயாரிக்க வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் சனிக்கிழமை இட்லி சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டு, மாலூர் தாண்டி ஏதாவது ஒரு கிராமத்தில் போய் இறங்குவார்கள். கார்க் கதவைச் சாத்தி, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, “வாவ்” என்பார்கள். அந்த ‘வாவ்’ வருகிற நேரம் பார்த்து மாவு மில் ஓட ஆரம்பித்தால் வியாபாரம் போச்சு. ஒருமுறை அப்படிப் போயே போச்சு. அதிலிருந்து கிளெமென்ட் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டு, “நாளைக்குப் பத்தரையில இருந்து மத்தியானம் வரைக்கும்” என்பார். வேறொன்றும் சொல்ல வேண்டாம். மில் நிற்கும். டீக்கடை ஸ்பீக்கர் வாயை மூடும். நாய் மாட்டுக் கொட்டகைக்குள் போகும். பதிலுக்கு அவர் ஊர்க்காரர்களைத் தன் காரில் பெங்களூர் ஆஸ்பத்திரிகளுக்கு அழைத்துப் போவார். கிறிஸ்துமஸ் சமயத்தில் மனைவி சோனியா செய்யும் கல்கல், ரோஸ் குக்கி பலகாரமெல்லாம் டப்பா டப்பாவாக அங்கே போய்ச் சேரும்.

“ஊருக்கெல்லாம் வாயை அடைக்கிறதுக்கா நான் உக்காந்து மாவு உருட்டுறேன்?” என்பாள் சோனியா.

“வாயை அடைக்க இதைவிட நல்ல பொருள் ஏது சோனி?” என்பார் கிளெமென்ட். அந்தப் பதில் கல்கல்லைப் பாராட்டியதா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இத்தனைக்கும் அவர் ஒரு ராத்திரிகூடக் கிராமத்தில் தங்கியதில்லை. ஒரே ஒருமுறை முயன்று பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆட்டோகூட ஓடாத இடத்தில் மனுஷனுக்கு எப்படித் தூக்கம் வரும்? பாதியிலேயே எழுந்து காரை எடுத்துக்கொண்டு காக்ஸ் டவுனுக்கு வந்து, தெருமுனை பஸ் ஹாரனைக் கேட்டபடி குழந்தை மாதிரி தூங்கினார்.

அவரிடம்தான் இராஜமாணிக்கமும் அம்புஜமும் வந்து சேர்ந்தார்கள். இராஜமாணிக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திர வரைபடங்கள் போட்டு ஓய்வு பெற்றவர். அந்த அம்மாள் ஓய்வே பெறாத இல்லத்தரசி. ஆஸ்டின் டவுனில் கல்யாணமான நாளிலிருந்து குடியிருந்த வாடகை வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். நவம்பர் பிறந்துவிட்டது. கையில் சேமிப்பு இருந்தது, போக வீடு இல்லை.

“சிட்டியே வேணாம்ங்கறார் இவர். கிராமத்துல ஒரு சின்ன வீடு. சீக்கிரம் பாத்துக் குடுங்க தம்பி” என்றாள் அம்புஜம்.

சீக்கிரம் என்று சொன்னவர்கள் ஆறு வீடுகளைப் பார்த்து, ஆறையும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். சரியாகச் சொன்னால், இராஜமாணிக்கம் வேண்டாமென்றார். காரணம் சொல்லவில்லை. கூரை நன்றாக இருந்தது, தண்ணீர் வந்தது, பத்திரம் சுத்தமாக இருந்தது. அவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

கிளெமென்டுக்கு மூக்கு அரித்தது. ஒரு விஷயம் புரியாவிட்டால் அவருக்கு நிஜமாகவே மூக்கு அரிக்கும். இந்த மனிதரிடம் எதுவுமே புரியவில்லை. நிழலிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். மனைவியின் முழங்கையை விடவே மாட்டார். இந்த வயதிலும் என்ன பாசம் என்று கிளெமென்ட் முதலில் உருகினார். வீட்டுக்குப் போய் சோனியாவின் முழங்கையைப் பிடித்துப் பார்த்து, “விடுங்க, எண்ணெய் கொதிக்குது” என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு அறையிலும் இராஜமாணிக்கம் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுவார். எல்லா வீட்டிலும் கடைசியில், “நான் மட்டும் வெளிய ஒரு சுத்து சுத்திட்டு வரேன். யாரும் வரக் கூடாது” என்று கிளம்பிப் போவார். திரும்பி வரும்போது முகம் தொங்கியிருக்கும்.

இதெல்லாம் போதாதென்று கேள்விகள் வேறு.

“கிளெமென்ட், இங்க காலைல முதல்ல என்ன சத்தம் கேக்கும்?”

“சத்தமா? மூச்!”

“பஸ்ஸு திரும்புற இடம்? ஸ்கூல் மணி? கோயில் மைக்?”

“எல்லாம் தள்ளி சார். ஒண்ணுமே காதுல விழாது. நான் கேரண்டி.”

“ஓஹோ” என்பார் இராஜமாணிக்கம்.

சத்தத்தைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிற ஒருவர் சத்தத்தின் ஜென்ம விரோதியாகத்தான் இருக்க வேண்டும் என்று கிளெமென்ட் முடிவு கட்டினார். ஒவ்வொரு வாரமும் போன வாரத்தைவிட அமைதியான ஊரைத் தேடினார். ஏழாவதாக மல்லேனஹள்ளி. அங்கே ஊர்க்கோடியில் ஓட்டு வீடு ஒன்று, சுற்றிலும் அவரைத் தோட்டம். இந்தத் தடவை வெள்ளிக்கிழமைப் போன் போதாதென்று வியாழக்கிழமையே நேரில் போனார். மில்லுக்கார முனிராஜுவைப் பார்த்து, கோயில் மைக்கை, டீக்கடையை, சொசைட்டியின் பால் கேன்களை, முத்தம்மாவின் சேவல்களை எல்லாம் பேசி முடித்தார். சேவல்களைக் கூடை கவிழ்த்து மூடி வைப்பதாக முத்தம்மா ஒப்புக்கொண்டாள். அவளுடைய முட்டிவலிக்கு அடுத்த மாதம் பெங்களூர் டாக்டர்.

“அப்படி யாரண்ணா வர்றது? மினிஸ்டரா?” என்றார் முனிராஜு.

“அதுக்கும் மேல. ஏழாவது வீடு பாக்க வர்ற பார்ட்டி.”

சனிக்கிழமை வந்து இறங்கியபோது கிளெமென்டுக்கே திக்கென்றது. அப்படி ஒரு அமைதி. காற்றுகூடச் சொல்லி வைத்தாற்போல் நின்றிருந்தது. வழியில் எதிர்ப்பட்ட இரண்டு பேர் கன்னடத்தில் கிசுகிசுத்துக்கொண்டு போனார்கள்.

“ஊர்ல யாராவது தவறிட்டாங்களா தம்பி?” என்றாள் அம்புஜம்.

“இல்லம்மா. இங்க எப்பவுமே இப்படித்தான்.”

இராஜமாணிக்கம் வீட்டுக்குள் போனார். கூடத்தில் நின்று கை தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பின்கட்டில் தட்டினார். பிறகு வழக்கமான வாசகம்: “நான் மட்டும் ஒரு சுத்து.”

அவர் போனதும் அம்புஜம் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இதுவும் இல்லேன்னா தெருவுலதான் நிக்கணும்” என்றாள். வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தாள். முந்தானை மறுபடி முகத்துக்குப் போனது.

கிளெமென்டின் மூக்கு தாங்க முடியாமல் அரித்தது. “தண்ணி எடுத்துட்டு வரேம்மா” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் இல்லாத திசையில் நடந்தார்.

வீட்டின் பின்புறத்தில் இராஜமாணிக்கம் இல்லை. பாதையிலும் இல்லை. அவரைத் தோட்டத்துக்கு நடுவில், இடுப்பளவு செடிகளுக்குள் நின்றுகொண்டிருந்தார். வேட்டியெல்லாம் அவரைக் கொடி. கறுப்புக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கண்களை இறுக மூடிக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி மெல்ல அழைத்தார்: “அம்புஜம்?”

“சார், வீடு இந்தப் பக்கம். கண்ணைத் திறங்க.”

“யாரது, கிளெமென்டா? வரக் கூடாதுன்னு சொன்னேனே!”

“கண்ணைத் திறந்துட்டுத் திட்டுங்க சார்.”

“திறந்தா பரீட்சைல காப்பி அடிச்ச மாதிரி.” சொன்னாரே தவிர, தோள்கள் தொய்ந்துவிட்டன. கண்ணைத் திறந்து, சுரங்கத்துக்குள்ளிருந்து பார்ப்பவர் போலத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி வீட்டைத் தேடிப் பிடித்தார். “பெயில்” என்றார்.

கிளெமென்ட் முழங்கையை நீட்டினார். இராஜமாணிக்கம் பிடித்துக்கொண்டார். பாசம் என்று நினைத்த பிடி எப்பேர்ப்பட்ட பிடி என்று கிளெமென்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் தன் மூக்கில் தானே மனசுக்குள் ஒரு குத்து விட்டுக்கொண்டார்.

“கண்ணுல பிரஷர். ஓரமெல்லாம் போயிடுச்சு. நடுவுல ஒரு ஓட்டை அளவுக்குத்தான் மிச்சம். அதுவும் எவ்ளோ நாளைக்குன்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறார். அது இருக்கறப்பவே ஒரு வீட்டையும் தெருவையும் பாத்து, மனசுல பிளான் போட்டு வெச்சுக்கணும். அப்புறம் காதை வெச்சுக்கிட்டு ஓட்டிடலாம், கை தட்டினா சுவர் எங்கன்னு சத்தமே சொல்லிடும். ஆஸ்டின் டவுன்ல அப்படித்தான் ஓட்டுறேன். இஸ்திரிக்காரன் இருமினா திரும்பணும், கறிக்கடைக் கத்தி கேட்டா நிக்கணும்.”

“அப்ப சிட்டியிலயே வேற வீடு பாக்கலாமே சார்?”

“அந்த ஒரு தெருதான் எனக்கு மனப்பாடம். புதுசா எங்க போனாலும் ஹாரன். எல்லாச் சத்தமும் பிசிபேளாபாத் மாதிரி ஒண்ணாக் குழைஞ்சு கிடக்கு. எது எங்க இருக்குன்னு பிரிக்க முடியல. கிராமத்துல ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கேக்கும்னு நெனச்சேன். நீ கூட்டிட்டுப் போன ஊர்ல எல்லாம் ஒரு ஈகூடப் பறக்கல. எனக்கு ஒரே ஆச்சரியம். இந்த ஜனங்க எப்படிப்பா மூச்சு விடுறாங்க?”

“முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்.”

“சொன்னா? ஒரு மூலையில உக்காருங்கன்னு எல்லாரும் அன்பா சொல்லுவாங்க. அந்த அன்பு வேணாம். டீ குடிக்கத் தனியாப் போய்ட்டு வரணும் எனக்கு. அவ்ளோதான்.”

கிளெமென்ட் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சரக்கின் தரம் அவருக்குப் பயமாக இருந்தது. ஏழு ஊர்களின் வாயையும் பொத்தி, கண் மங்குகிற ஒருவரை அதற்குள் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். கேரண்டி வேறு.

போனை எடுத்தார். “முனிராஜு, மில்லைப் போடு.”

“ஏனாயித்து அண்ணா? பார்ட்டி ஓடிட்டாரா?”

“போடுய்யா! டீக்கடைல சொல்லு, கோயில்ல சொல்லு. முத்தம்மா கோழியைத் தெறந்து விடச் சொல்லு. நாயையும்.”

“நாயுமா?”

“நாய்தான் முக்கியம்.”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மில் தொண்டையைச் செருமியது, செருமி உறுமியது, அப்புறம் தடதடவென்று சீராக ஓட ஆரம்பித்தது. டீக்கடை ஸ்பீக்கர் ஒரு கன்னடப் பாட்டைப் பாதியிலிருந்து தொடர்ந்தது. காலையிலிருந்து கூடைக்குள் கிடந்த சேவல்கள் பாக்கியை எல்லாம் சேர்த்துக் கூவின. நாய் யாரைப் பார்த்துக் குரைப்பது என்று தெரியாமல் பொதுவாகக் குரைத்தது. எங்கேயோ பால் கேன் உருண்டது.

“அடேயப்பா” என்றார் இராஜமாணிக்கம். முகம் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பியது. “மில் அங்க. பாட்டு அதுக்கு இடப்பக்கம், கொஞ்சம் தள்ளி. கோழி பின்னாடி. இவ்ளோ நேரம் இதெல்லாம் எங்கய்யா இருந்துச்சு?”

“அது ஒரு பெரிய கதை சார். கார்ல சொல்றேன், தப்பிச்சுப் போக முடியாது நீங்க. ஆனா இந்த வீடு வேணாம். ஊர்க்கோடி, காதுக்கு ரொம்ப தூரம். வேற ஒண்ணு இருக்கு.”

அது மில்லுக்கு ஒட்டின வீடு. எதிரே டீக்கடை, பக்கத்தில் பஸ் திரும்பும் ஆலமரம். கிளெமென்ட் அதை யாருக்கும் காட்டியதே இல்லை. அந்தப் பக்கமாகப் போக நேர்ந்தால் வாடிக்கையாளர்களிடம் எதிர்த்திசையில் கொக்கு காட்டுவார். ஜன்னல் கம்பிகளில் ராகி மாவு படிந்திருந்தது. அம்புஜம் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, “தினம் துடைக்கணும். யாரு துடைக்கறதாம்?” என்றாள். ஆனால் கண் சமையலறையை அளந்துகொண்டிருந்தது.

கூடத்தில் இராஜமாணிக்கம் கை தட்டினார். தலையைச் சாய்த்தார். “அம்புஜம், இந்தச் சுவர்ல பீரோ வெச்சுடாத” என்றார். அம்புஜம் கிளெமென்டைப் பார்த்துத் தலையாட்டினாள். பீரோ வரை வந்துவிட்டாரென்றால் வீடு முடிந்த மாதிரி.

அப்புறம் அவர் வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். மில்லை முதுகில் வாங்கிக்கொண்டு, பாட்டைப் பார்த்து நடந்தார். நாய் கூடவே போனது. நடுவழியில் ஒருமுறை தயங்கி நின்றார். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்புஜம் எழுந்துவிட்டாள், திரும்ப உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. அவர் பாட்டைக் கேட்டு அரை அடி திரும்பி, டீக்கடை பெஞ்சில் முட்டியை இடித்து, “ஆ!” என்றார். அந்த ‘ஆ’வில் அவ்வளவு சந்தோஷம்.

முனிராஜு கையில் மாவோடு ஓடி வந்தார். விஷயம் அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. “சார், ஒரே ஒரு தொந்தரவு. சண்டே மில் ரஜா. மெஷின் ஓடாது. நீங்க சொன்னா சும்னே ஒரு பத்து நிமிஷம் ஓட்டுறேன், டீ குடிச்சுட்டு வந்துடுங்க.”

“வேணாம்ப்பா. கரண்ட் எதுக்கு வீணா? அன்னைக்கு இவ கையைப் பிடிச்சுக்கிட்டு வந்துடறேன்.”

“ஆமா, எனக்கும் வாரத்துல ஒரு நாள் டீ உண்டே” என்றாள் அம்புஜம்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளெமென்ட் பழக்கதோஷத்தில் முனிராஜு நம்பரை எடுத்தார். மறுநாள் மல்லேனஹள்ளி பார்க்க தீபிகா என்று ஒரு கம்ப்யூட்டர்காரப் பெண் வருவதாக இருந்தது. அமைதி வேண்டுமாம், தியானம் பண்ணுவாளாம். விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். நாளைக்குப் பத்தரைக்கு மில் நின்றால், வாங்கிய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்திருக்கிற இராஜமாணிக்கம் டீக்கடைக்குப் போகும் வழியில் திக்குத் தெரியாமல் நடுத்தெருவில் நிற்பார். நம்பரை மாற்றி தீபிகாவுக்குப் போட்டார்.

“அம்மா, அந்த ஊர் சரிப்படாது. அங்க சத்தம் ஜாஸ்தி.”

“உங்க கார்டுல கேரண்டின்னு போட்டிருக்கே அங்கிள்?”

“கார்டு பழசும்மா.”

“அப்படி என்ன சத்தம்?”

கிளெமென்ட் சொல்ல ஆரம்பித்தார். மில் முதலில் செருமுமாம், அப்புறம்தான் ஓடுமாம். முத்தம்மாவின் சேவல்களில் ஒன்றுக்கு நேரமே தெரியாதாம். பஸ் திரும்பும்போது ஆலமரத்துக் கிளை கூரையில் உரசுமாம். வாடிக்கையாளரை விரட்டத்தான் சொன்னார். ஆனால் எதையும் விட்டுவிடக் கூடாதே என்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். சமையலறையிலிருந்து சோனியா எட்டிப் பார்த்தாள்.

எதிர்முனையில் தீபிகா போனை வைக்கவில்லை.

“நேரமே தெரியாதுன்னா? எப்பல்லாம் கூவும் அங்கிள்?”

கிளெமென்டுக்கு அது தெரியவில்லை. மூக்கு அரித்தது. “இரும்மா, கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றார்.