போஸ்டரின் கடைசி வரி

“தப்பா எழுதிட்டீங்கன்னு நான் சொல்லலையே. எழுதினபடியே ஆயிடுச்சுன்னு சொல்றேன்.”

“எழுதினது சரியா இருந்தா அப்புறம் திருத்தம் எதுக்குங்க?”

“எங்க அக்கா திரும்பி வரணும். அதுக்கு.”

கெல்வின் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். எங்கள் வாரப் பத்திரிகை அலுவலகத்தில் வாசலைப் பார்த்த மேசை அவனுடையது. வசந்தம் வந்து பாலைவனத்தில் இசை விழாக்கள் தொடங்குவதற்கு முன்னால், யார் யார் பாட வருகிறார்கள், யாரைத் தவறவிடக் கூடாது என்று எழுதுவது அவன் வேலை. விளம்பரம் பிடிப்பதும் பக்கம் கட்டுவதும் என் வேலை. இந்த நாட்களில் எங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோருமே பாட்டுக்காரர்கள்தான். என் பெயரை எறும்பு மாதிரி போட்டுவிட்டீர்கள், படத்தில் என் கண் மூடியிருக்கிறது, டிரம்ஸ்காரன் என் காதலியோடு ஓடிவிட்டான், அவன் பெயரை எடுங்கள். இப்படித்தான் கேட்பார்கள். அக்காவைக் கேட்டு அதுவரை யாரும் வந்ததில்லை.

வந்தவளுக்கு இருபது வயதிருக்கலாம், முப்பதும் இருக்கலாம். மஞ்சள் கவுன். தோளில் கிட்டார் உறை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அவள் நின்ற இடத்தில் தரையில் வெள்ளையாகப் பொடி உதிர்ந்திருந்தது. கடல் என்று பெயர் வாங்கிய பாலைவனத்து உப்பேரி சால்ட்டன்; அதன் கரையில் மீன்கள் செத்து ஒதுங்கி மணலோடு மணலாகக் கிடக்கும் மீன்முள். அங்கே நடந்துவிட்டு வருகிற யார் செருப்பிலும் அது ஒட்டியிருக்கும். அதனால் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

“எந்தக் குழு நீங்க?” என்றான் கெல்வின்.

“லீரா சிஸ்டர்ஸ். நான் அம்பாரோ.”

அவன் எழுந்துவிட்டான். “ஒரு நிமிஷம் இருங்க. யோலி, உள்ள வாயேன்.”

காகிதக் கட்டுகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்கு என்னை அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினான். அவன் உதடு வெளுத்திருந்தது.

“அப்படி ஒரு குழுவே கிடையாது.”

“என்னடா சொல்ற? போஸ்டர்ல இருக்கே.”

“போஸ்டர்ல இருக்கு. உலகத்துல இல்ல. நேத்துத்தான் ரஸ் சொன்னான்.”

ரஸ், ‘வறண்ட கரை’ என்ற இசை விழாவுக்குப் போஸ்டர் செய்கிறவன். விழாப் போஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிய ஆட்கள் மேலே பெரிய எழுத்தில், கீழே வரவர எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். ஆனால் எல்லா வரியும் இரண்டு ஓரத்தையும் தொட வேண்டும். ஒரு வரி குறைந்தாலும் போஸ்டர் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். கடைசி வரியில் இடம் மிஞ்சியிருக்கிறது. யாராவது கடைசி நேரத்தில் சேர்வார்கள், அதுவரை இருக்கட்டும் என்று அளவுக்குப் பொருந்துகிற ஒரு பெயரைத் தானே உருவாக்கிப் போட்டுவைத்திருக்கிறான் ரஸ். யாரும் சேரவில்லை. எடுக்கவும் மறந்துவிட்டான்.

“சரி, அவன் மறந்துட்டான். இல்லாத குழுவைப் பத்தி நீ என்னத்தடா எழுதின?”

“எல்லாரையும் எழுதுன்னு எடிட்டர் சொல்லிட்டாங்க. ஆளுக்கு நாலு வரி. இவங்களைத் தேடினா ஒரு பாட்டு இல்ல, ஒரு படம் இல்ல. புதுசா யாரோ பொண்ணுங்கன்னு நினைச்சேன். சும்மா ‘இனிமையான குரல்’னு எழுதினா எவன் படிப்பான்? கதை இருந்தாத்தான் படிக்கறாங்க.” கழுத்தைச் சொறிந்துகொண்டான். “அதான் ஒருத்தியைக் கடல்ல விட்டுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்போ இது நாடகம்டா. காலியா ஒரு பேரு கிடக்கு, மேடை கிடைக்கும்னு தெரிஞ்சு எவளோ எடுத்து மாட்டிக்கிட்டு வந்திருக்கா. நல்லாவும் நடிக்கிறா. விளம்பரம் எடுப்பாளான்னு கேக்கறேன் இரு.”

“காலிப் பேருன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? ரஸ்ஸும் நானும் தவிர யாருக்குமே தெரியாது.”

போன வியாழக்கிழமைப் பத்திரிகை அங்கேயே கிடந்தது. எடுத்துப் பிரித்தேன்.

‘லீரா சிஸ்டர்ஸ்: கிழக்குக் கரையில் வளர்ந்த இரு சகோதரிகள். ஒருநாள் விடியுமுன் மூத்தவள் சால்ட்டன் கடலுக்குள் நடந்து போனாள், திரும்பவில்லை. இளையவள் அம்பாரோ, அன்று உடுத்தியிருந்த அதே மஞ்சள் கவுனில், அக்காவின் குரல் வரவேண்டிய இடங்களைக் காலியாக விட்டே இன்றும் பாடுகிறாள். தவறவிடாதீர்கள்.’

நாங்கள் வெளியே வந்தபோது ஆசிரியர் லோரெட்டா தன் அறையிலிருந்து வந்து அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். தேவாலயத்தில் ஞாயிறுதோறும் முன்வரிசையில் நின்று பாடுகிறவர். யார் அழுதாலும் முதலில் ஒரு கோப்பை காபி கொடுத்துவிடுவார். அம்பாரோ கையிலும் ஒரு கோப்பை இருந்தது. அவள் அழவில்லை.

“புதன்கிழமை ராத்திரி சண்டை போட்டோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். “என் செருப்பை எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிடுவா, எப்பவும். இனிமே தொட்டா கையை ஒடிப்பேன்னு சொன்னேன். நீ மொதல்ல கிட்டாரை ஒடிக்காம வாசின்னு சொன்னா. அப்புறம் தூங்கிட்டோம். வியாழக்கிழமை எழுந்தா பக்கத்துக் கட்டில் நனைஞ்சு கிடக்கு. உப்புத்தண்ணி. இப்போ காஞ்சு, போர்வை அட்டை மாதிரி விறைச்சு நிக்குது. அலமாரியைத் திறந்தா மொத்தமும் மஞ்சள் கவுன். எனக்கு மஞ்சளே ஆகாது.”

“போலீஸ்ல சொன்னியா கண்ணு?”

“சொன்னேன். உங்க பேப்பரைத்தான் எடுத்துக் காட்டினாங்க. இது எப்பவோ நடந்ததாச்சே, இப்ப வந்து சொல்றியேன்னு கேட்டாங்க. கடைக்காரம்மாவும் அதையேதான் சொல்றாங்க. போன வாரம் அக்காகிட்ட முட்டை வித்தவங்க அவங்க.”

லோரெட்டா எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரை ஓரமாக அழைத்துப் போய் ரஸ் செய்ததையும் கெல்வின் செய்ததையும் சொன்னேன். அவர் கெல்வினைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. சின்ன எழுத்துப்பிழைக்கே மேசையைத் தட்டுகிறவர்.

“பாட்டுக்காரின்னா பாடட்டும்” என்றார். “குரல் பொய் சொல்லாது.”

அம்பாரோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டாரை எடுத்தாள். சுவரோரம் குளிர்காற்றுப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. வெளியே சாலையில் பேரீச்சங்காய்த் தோட்டத்து லாரி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அவள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

அழகான குரல் என்று சொல்ல மாட்டேன். தாழ்ந்த குரல், தரையைத் தடவிக்கொண்டு போவது போல. ஒரு வரியில் பாதி பாடுவாள், பிறகு வாய் மூடிக்கொள்ளும், விரல் மட்டும் வாசிக்கும். பிறகு இன்னும் கொஞ்சம் பாடுவாள். விட்டுவிடுகிற இடங்களில் அவள் தொண்டை அசைவதைப் பார்த்தேன். பாட முயல்கிறாள், சத்தம் வரவில்லை. எனக்குப் பாட்டுத் தெரியாது. ஆனாலும் அந்த இடைவெளி ஒவ்வொன்றும் வரும்போது என் வாய் தானாகத் திறக்கப் பார்த்தது.

லோரெட்டாவால் பொறுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த இடைவெளி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மேல் குரலை எடுத்தார். ஒரே ஒரு மூச்சு அளவு. சட்டென்று நிறுத்திவிட்டு, கூட்டத்தில் யார் மீதோ மோதிவிட்டவர் போல ஒரு அடி பின்னால் வைத்தார்.

அம்பாரோவும் நிறுத்தினாள்.

“என்னாச்சு?” என்றேன்.

“அந்த இடத்துல ஆள் இருக்கு” என்றார் லோரெட்டா.

கெல்வின் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவர் கையைக் காட்டி அடக்கினார். அவர் கையில் ரோமம் நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. குளிர்காற்றுப் பெட்டி பக்கமாக, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“யோலி, விழாச் சிறப்பிதழ் அச்சுக்குப் போயிடுச்சா?”

“இன்னும் இல்ல. சாயங்காலம் போகும்.”

“இந்த நாலு வரி அதுலயும் இருக்கா?”

“அப்படியே இருக்கு.”

“எடுத்துடு. அந்த எடத்துல பேரீச்சை மில்க்‌ஷேக் விளம்பரம் எதையாவது போடு. போஸ்டர்ல பேரு பிழைன்னு ரஸ்ஸை ஒரு அறிவிப்புக் கொடுக்கச் சொல்றேன். இதோட முடிஞ்சது.”

பக்கம் என் கணினியில் திறந்தே இருந்தது. போய் உட்கார்ந்து அந்த நான்கு வரியையும் தேர்ந்தெடுத்துக் கறுப்பாக்கினேன். ஒரு விசையைத் தட்டினால் போதும், அழிந்துவிடும்.

“எடுத்துட்டா நான்?” என்றாள் அம்பாரோ.

கோபமாகக் கேட்கவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல். லோரெட்டா ஜன்னலைப் பார்த்தார். நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கெல்வின் வந்து என் நாற்காலியைத் தள்ளினான். “நகரு. எடுக்க வேணாம், நான் மாத்தறேன். ஒரே வரி. மூத்தவள் திரும்பி வந்துட்டாள், ரெண்டு பேரும் சேர்ந்து பாடுவாங்க. நான்தான எழுதினேன், நானே எழுதறேன்.”

“எழுதுங்க” என்றாள் அவள். மேசையைச் சுற்றி வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். செருப்பின் கீழே மீன்முள் நொறுங்கும் சத்தம் கேட்டது. இவ்வளவு நேரமாக நின்றும் நடந்தும் அது தீரவே இல்லை.

“நில்லு” என்றார் லோரெட்டா. “வியாழக்கிழமைலேருந்து அந்தத் தண்ணியில கிடக்கிறவ. அந்தத் தண்ணியில மீன் என்ன ஆகுதுன்னு பார்த்திருக்கல்ல? வந்துட்டாள்னு எழுதினா எப்படி வருவா?”

“அப்போ போகவே இல்லன்னு எழுதறேன்.”

“போனது அச்சாயிடுச்சு கெல்வின். ஊரே படிச்சு நம்பியாச்சு. போலீஸ்காரன் வரைக்கும்.”

அவன் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. ‘மூத்தவள்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

“எப்படி வந்தாலும் பரவால்ல” என்றாள் அம்பாரோ. “கதவை நான்தான திறக்கப்போறேன். உங்களை யாரும் திறக்கச் சொல்லல.”

கெல்வின் விரல்களை மடக்கிக்கொண்டான். அழுத்த முடியாது என்று அவன் தோளே சொல்லிவிட்டது. அவள் அதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி” என்றாள். “வர்றதை எழுத வேணாம். நான் எப்படியாவது அழைச்சிட்டு வந்துடுவேன். தினம் கரைக்குப் போறேன். ஆனா நீங்க எழுதாததெல்லாம் எனக்கு ஒண்ணொண்ணா போயிட்டே இருக்கு. மொதல்ல எங்க தெரு போச்சு. அப்புறம் அம்மா முகம். இன்னைக்குக் காலையில எழுந்தா அவ பேரு இல்ல. நாக்கு வரைக்கும் வந்த மாதிரி இருக்கு, திறந்தா ஒண்ணும் இல்ல.”

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். அவள் கூந்தலிலிருந்து வந்த வாசனை எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வாசனைதான். காற்று தெற்கே கடலிலிருந்து அடிக்கும் நாட்களில் ஊரே ஜன்னலைச் சாத்திக்கொள்ளுமே, அது.

“வெறும் அக்கான்னு கூப்பிட்டுப் பார்த்தேன். தண்ணிக்குள்ள வேற யாரோ திரும்பிப் பார்த்தாங்க.” விரலைத் திரையில், அந்த மின்னும் கோட்டின் மேல் வைத்தாள். “வேற எதையும் மாத்த வேணாம். இங்க, ‘மூத்தவள்’ இருக்கற இடத்துல, அவளுக்கு ஒரு பேரு மட்டும் எழுதிக் கொடுங்க.”