பால் சேர்க்காத தேயிலை

1

இந்தக் கதை ஒரு துட்டி வீட்டில் பிறந்தது. தென்காசியில் தெரிந்தவர் ஒருவர் இறந்துபோக, நானும் துட்டி கேட்கப் போயிருந்தேன். பால் விடாத கடுங்காப்பி கொடுத்தார்கள். எங்கள் பக்கம் சாவு வீட்டில் அதுதான் வழக்கம். சுற்றி எல்லோரும் அழுதுகொண்டிருக்க, எனக்கோ கதை கிடைத்துவிட்டது என்று உள்ளூரக் குஷி. எழுத்தாளன் என்பவன் இந்த லட்சணத்தில்தான் இருப்பான். பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்துகொள்ளலாம்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

‘ஆனி மாதத்துச் சாரல் குற்றால மலைமேல் வெண்பட்டாய்...’

(அடித்துவிட்டேன். குற்றாலம் என்றதும் சாரலைக் கூப்பிடாமல் இங்கே ஒருவனுக்கும் கை ஓடுவதில்லை.)

‘வல்லிநாயகம் பிள்ளை முற்போக்கான...’

(பச்சைப் பொய்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். வருஷம் ஐம்பத்தெட்டு. வல்லிநாயகம் பிள்ளைக்குத் தென்காசியில் வீடு, இலத்தூரில் வயல், தலை கொள்ளாத கர்வம். குற்றாலத்தில் சீசனுக்கு பங்களா எடுத்துத் தங்கியிருந்த மதராஸ் அதிகாரி ஒருவர், அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, பால் சேர்க்காத தேயிலைத் தண்ணீர் கொடுத்தார். உட்காரச் சொன்னார் என்பதுதான் பெரிய விஷயம், தேயிலை அப்புறம். வீடு திரும்பிய பிள்ளைவாள் கையில் ஒரு தகர டப்பா இருந்தது.

“இனி நம்ம வீட்டுக்கு யாரு வந்தாலும் இதுதான்” என்றார்.*

* வீட்டில் முதல் வாய் குடித்தபோது அவர் முகம் கோணியதை மனைவி பிச்சம்மாள் பார்த்தாள். பார்க்காததுபோல் இருந்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் கற்ற ஒரே கலை அது.

3

அவர்கள் மகள் குழல்வாய்மொழி. வீரகேரளம்புதூர் தாணுவை அவளுக்குப் பேசியிருந்தார்கள். காசிவிசுவநாதர் கோயில் பிராகாரத்தில் அவனை ஒருமுறை பார்த்திருக்கிறாள். அவன் சிரித்தான். ஒரு சிரிப்பு போதுமா என்று கேட்காதீர்கள். உங்களுக்கு மட்டும் எதைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள்? அவளுக்கு அவன்தான் வேண்டும்.

நாள் குறிக்க தாணுவும் அவன் அம்மா வடிவாம்பாளும் வந்தார்கள். அப்பாவும் வந்தார். அவர் பேசமாட்டார், ஆகவே கதையில் அவருக்கு வேலை இல்லை.

“பாலில்லாமக் குடுத்தா துட்டி வீடுன்னுல்லா நெனைப்பாவ” என்றாள் பிச்சம்மாள், அடுப்படியில், மெதுவாக.

“ஒனக்கு என்ன தெரியும்? எடு இங்கன” என்று பிள்ளைவாள் தட்டைத் தாமே வாங்கிப் போனார்.

வடிவாம்பாள் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

“பால் எங்க அண்ணாச்சி?”

“பால் சேத்தா மணம் போயிரும் ஆச்சி. பெரிய எடத்துல எல்லாம் இப்பம் இப்படித்தான் குடிக்காவ.”

“நாங்க நல்ல காரியம் பேசல்லா வந்திருக்கோம். துட்டி கேக்கவா வந்தோம்?”

தம்ளரைக் கீழே வைத்தாள். தாணு தன்னுடையதை வாய் வரைக்கும் கொண்டுபோயிருந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவனும் வைத்துவிட்டான்.

கதவுக்குப் பின்னாலிருந்து குழல்வாய்மொழி அதைப் பார்த்தாள்.

4

இங்கேதான் அவள் எனக்குப் பிடிபடவில்லை. முதலில் அவளை அழவைத்தேன். மூக்கைச் சிந்தும் கதாநாயகிக்குப் பத்திரிகைகளில் நல்ல மரியாதை. அடுத்து, ஏளனமாகச் சிரிக்கவைத்தேன். படித்துப் பார்த்தால் அது என் சிரிப்பு. அதையும் கிழித்துப் போட்டுவிட்டு, அவள் இஷ்டத்துக்கு விட்டேன்.

அவள் அடுப்பிலிருந்த பால் செம்பைத் துணி பிடித்து இறக்கினாள்.

“ஏட்டி, கூப்பிடாம வெளிய போவாத! அப்பா ஏசுவாவ!” என்றாள் பிச்சம்மாள்.

போய்விட்டாள். கூடத்தின் நடுவில், நாள் குறிக்க வந்தவர்கள் முன்னால், செம்பும் கையுமாக நிற்கிறாள். பிள்ளைவாள் முகம் கறுக்கிறது.

5

வடிவாம்பாளின் தம்ளரில் அவள் பால் ஊற்றினால் எல்லாம் சுபம். அப்பா திருந்துவார் (அந்த வயதில் திருந்தும் அப்பாக்களைக் கதைகளில் மட்டுமே கண்டிருக்கிறேன்), நாள் குறிப்பார்கள், நீங்களும் நிம்மதியாகச் சாப்பிடப் போவீர்கள்.

அல்லது செம்போடு அவள் திரும்பி உள்ளே போகலாம். ‘புதுமைப் பெண்’ என்று கைதட்டுவீர்கள். தட்டிவிட்டுப் புத்தகத்தை மூடுவீர்கள். அந்த அப்பாவோடும் அந்த டப்பாவோடும் அப்புறம் காலம் தள்ளப்போவது அவள்தானே, நீங்களா?

அவள் இரண்டையும் செய்யவில்லை. தாணுவின் முன்னால் போய் நின்றாள்.

“ஒங்களுக்கு ஊத்தட்டுமா?”

அவனைத்தான் கேட்டாள். அவனை மட்டும்.

தாணு தலை நிமிர்கிறான். அந்தத் தலை இனி எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், தெரியாததுபோல் நடிக்க வேண்டாம். அந்தக் கூடத்தில் தெரியாதவள் அவள் ஒருத்திதான். இன்னும் நம்பிக்கொண்டு நிற்கிறாள். ஊரையே எள்ளி நகையாடும் எனக்கு, அந்த நம்பிக்கையை அவளிடமிருந்து பிடுங்க மட்டும் மனம் வரவில்லை.

உங்களுக்கு வந்தால், அடுத்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.