மூடியின் அடியில்

யாரும் சொல்லாமலே அம்மா வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். அங்கே பொறுப்பாக இருந்த ஃப்ராவ் மைலிக்கு அது பிடித்துப்போய்விட்டது. இங்கே வருகிற எல்லோரிடமும் இதைக் கெஞ்சிக் கேட்கவேண்டியிருக்கிறது, கேட்காமலே கழற்றியவர் உன் அம்மாதான் என்று என்னிடம் ஜெர்மனில் சொன்னார். நான் அம்மாவிடம் சொன்னேன். "வேறென்ன, வீட்டுக்குள்ள சப்பாத்தோடையே போறது?" என்றார் அம்மா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஷாஃப்ஹவுசனில் ஒரு பழைய நூல் ஆலையின் தோட்டத்துக்குள் நின்றது அந்த வீடு. ஜப்பானில் ஒரு பட்டு வியாபாரியின் குடும்பம் நான்கு தலைமுறையாக இருந்த வீடாம். ஆலைக்காரர் அதை வாங்கி, பலகை பலகையாகக் கழற்றி, கப்பலில் கொண்டுவந்து திரும்பப் பொருத்தியிருந்தார். இப்போது மியூசியம். அடுத்த வாரம் முதல் அம்மாவுக்கு அங்கே துப்புரவு வேலை. எதை ஈரத்துணியால் துடைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று காட்டத்தான் ஃப்ராவ் மைலி கூப்பிட்டிருந்தார். அம்மாவின் ஜெர்மன் நான்தான். டொக்டரிடமும் விசாக் கந்தோரிலும் ஒன்பது வயதிலிருந்து அவருக்காகக் கதைத்து, பதினைந்து வயதிலேயே எனக்கு அலுத்துவிட்டது.

அன்று அம்மாவின் மனம் அந்த வீட்டில் இல்லை. வருகிற ஞாயிறு ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்கள் விரதம் இருக்கிற நாள். என் அப்பா சிறீதரன், எங்களைக் கொழும்புக்கு முன்னால் அனுப்பிவிட்டு, பின்னால் வந்தவர். வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டார் என்பதோடு செய்தி முடிந்தது. அது தொண்ணூறாம் ஆண்டு. இப்போது தொண்ணூற்றேழு. ஷ்லீரனில் இருக்கிற கனகரத்தினம் பெரியப்பா அதற்கு முதல் நாள்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த காத்தோட்டிக்காய் ஒரு பை நிறைய அவர் கையில் இருந்தது. அந்தக் கசப்புக் காய் இல்லாமல் அந்த விரதம் இல்லை.

"என்ர தம்பியெண்டு எனக்கும் நோகும் தானே, சிவகலா. ஏழு வருஷம் போச்சுது. இந்த முறை பிள்ளையை விரதம் இருக்கவிடு," என்றார்.

அம்மா பையை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தார். உள்ளதைச் சொல்கிறேன்: எனக்குச் சம்மதமாக இருந்தது. அப்பா செத்துப்போனார் என்று யாராவது ஒருவர் முடித்துவைத்தால் போதும் என்று இருந்தது. ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் அம்மாவின் முகம் போகிற போக்கை இனியும் பார்க்க என்னால் முடியாது.

ஜப்பான் வீட்டின் பாய் விரித்த அறைகள் இருட்டாக இருந்தன. கணக்குப்பிள்ளைகள் இருந்த முன்னறை, பட்டுப் பொதிகள் அடுக்கிய பரண், குசினி. ஃப்ராவ் மைலி சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். "தூண் எல்லாம் நல்லா மினுக்கி வச்சிருக்கினம்," என்று மட்டும் சொன்னார் அம்மா. கடைசி அறையில் ஒரு சிறு மரத் தட்டத்தில் கிண்ணங்களும் குச்சிகளும் ஒருவருக்குச் சாப்பாடு வைத்தபடி இருந்தன. முன்னால் ஆள் இல்லை. அம்மா நின்றுவிட்டார்.

"செத்த ஆளுக்கோ படைச்சிருக்கு?"

நான் கேட்டேன். ஃப்ராவ் மைலி தலையை ஆட்டி மறுத்தார். செத்தவருக்கு இல்லை, உயிரோடு தூரப் போனவருக்கு. இந்த வீட்டு மூத்த மகன் பட்டு விற்க ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியிருக்கிறான். தாய் ஒவ்வொரு நாளும் அவன் இடத்தில் சாப்பாடு வைத்திருக்கிறாள். சூப்புக் கிண்ணத்தின் மூடியைத் திறக்கும்போது அடியில் நீர்த்துளி பிடித்திருந்தால் மகன் சுகமாக இருக்கிறான் என்று நம்பிக்கை.

நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா குனிந்து அந்த மூடியைத் தூக்கிவிட்டார். ஃப்ராவ் மைலி "நைன்! நைன்!" என்று தடுத்தபடி பதறி ஓடிவந்தார். அம்மாவுக்கு அது கேட்டமாதிரித் தெரியவில்லை. மூடியைத் திருப்பி அடியைப் பார்த்தார். விரலால் தடவினார்.

"காய்ஞ்செல்லோ கிடக்கு," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ளை திரும்பி வந்ததாமோ? கேள்."

கேட்டேன். மூடியை வாங்கிப் பத்திரமாகத் திரும்ப வைத்தபடியே ஃப்ராவ் மைலி சொன்னார். வரவில்லை. புறப்பட்ட வருடமே மார்செய் துறைமுகத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டான். கடிதம் வந்தது மருமகளின் கைக்கு. அவள் ஒளித்துவிட்டாள். மாமியார் சாகும்வரை, பத்தொன்பது வருடம், அந்தக் கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்கச் சூப்பை ஊற்றி மூடி வைத்தது அந்த மருமகள்தான்.

"என்னவாம்?"

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். முடியவேண்டும் என்று விரும்பியவளும் நான்தான்.

"வந்தவராம், அம்மா. பத்தொன்பது வருஷத்தால வந்தவராம்."

அம்மா ஃப்ராவ் மைலியைப் பார்த்துக் கை கூப்பினார். அவரும் என்ன ஏதென்று தெரியாமல் சிரித்தார்.

ஞாயிறு காலை என்னை எழுப்பியது இடியப்பம் அவிகிற மணம். விரதக்காரர் பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்காத நேரத்தில், "எழும்பிச் சாப்பிடு. உனக்கென்ன விரதம்? உன்ர கொப்பர் இருக்கிறார்," என்றார் அம்மா. பெரியப்பா தொலைபேசி எடுத்தார். அம்மா அவருக்கு ஜப்பான் வீட்டுக் கதையைச் சொன்னார். பெரியப்பா என்னைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார். "பிள்ளை, அது உண்மையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று, இனி எப்படி இல்லை என்பது?

மத்தியானம் யன்னலோரம் ஆளில்லாமல் இருந்த கதிரைக்கு முன்னால் அம்மா ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறும், பக்கத்தில் மூடி போட்ட கிண்ணத்தில் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தார். "முகம் கழுவிப் பொட்டு வச்சிட்டு வாறன். திறந்துபோடாதை," என்று குளியலறைக்குப் போனார். கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஆறிப்போயிருந்தது. விடியவே வைத்த சொதி. ஃபிரிட்ஜைத் திறந்து, என்ன செய்வதென்று நின்றேன். காத்தோட்டிக்காய்கள் பைக்குள் சுருங்கிக் கிடந்தன. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிடப் போகிறது.

சொதியைச் சட்டியில் ஊற்றி, அடுப்பை முழுக்கத் திருப்பினேன். சொதியைக் கொதிக்கவிட்டால் திரைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். திரைந்தது. அப்படியே கிண்ணத்தில் ஊற்றி மூடினேன்.

அம்மா வந்து கதிரைக்கு முன்னால் நின்றார். புதுப் பொட்டு. இரண்டு கையாலும் மூடியைத் தூக்கி, மெல்லத் திருப்பி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓரத்துக்கு ஓடி அவருடைய மணிக்கட்டில் விழுந்தன.

"பார், பிள்ளை," என்றார். "நாளைக்கும் வைப்பம்."

சுட்ட விரல்களைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு, நான் பார்த்தேன்.